டர்பன் – சென்னை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்தொலைவு ஏறத்தாழ 7,076 கிலோமீட்டர். ஆனால் டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலோர் போகும் துபாய் வழியில் நீங்கள் உண்மையில் கடப்பது ஏறத்தாழ 9,560 கி.மீ. வானத்தில் இருக்கும் நேரம் 12 மணிக்குச் சற்று மேல். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு வாசலிலிருந்து வேலூர்ப் பக்கத்து உறவினர் வீட்டு வாசல் வரை கணக்கிட்டால் முழுசாக ஒரு நாளுக்கும் மேல் ஆகும்.

ஒரே பயணத்துக்கு இத்தனை எண்கள் இருப்பதால்தான் குழப்பம். இணையத்தில் 'டர்பன் சென்னை தூரம்' என்று தேடினால் முதல் எண்ணை மட்டும் காட்டி, "8 மணி நேரம்" என்று சொல்லிவிடும். அதை நம்பி முகூர்த்தத்துக்கு டிக்கெட் எடுத்தவர் பாடு திண்டாட்டம்தான். கீழே உள்ள முறையைக் கற்றுக்கொண்டால் எந்த இரண்டு ஊருக்கும் கணக்குப் போடலாம். எடுத்துக்காட்டாக டர்பனையும் சென்னையையும் வைத்துக்கொள்கிறோம்.

படி 1: இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை

ஊரின் நடுப்பகுதியை எடுக்க வேண்டாம். விமான நிலையத்தை எடுங்கள். டர்பனுக்கு இது முக்கியம். நகருக்குத் தெற்கே இருந்த பழைய விமான நிலையம் 2010-இல் மூடப்பட்டு, மே 1 முதல் வடக்கே லா மெர்சியில் உள்ள கிங் ஷாகா நிலையம் இயங்குகிறது. பழைய பட்டியல்களில் இன்னும் பழைய இடமே இருக்கலாம்.

கைபேசி வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை.

டர்பன்: −29.61, 31.12
சென்னை: 12.99, 80.17

டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் கழித்தல் குறி. இந்தச் சின்னக் கோட்டை மறக்காதீர்கள். மறந்தால் என்ன ஆகும் என்று படி 3-இல் பார்ப்போம்.

படி 2: கால்குலேட்டரில் போடுவது

கைபேசிக் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன் (sin), காஸ் (cos) பொத்தான்கள் தெரியும். கோண அளவு 'டிகிரி'யில் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் கருவி 'ரேடியன்' முறையில் இருக்கிறது, மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். −29.61-இன் சைன் −0.49409. 12.99-இன் சைன் 0.22478. பெருக்கினால் −0.11106.

அடுத்து இரண்டு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகள்: 0.86941, 0.97441. பெருக்கினால் 0.84716.

தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 80.17 − 31.12 = 49.05. அதன் காஸ் 0.65540. இதை 0.84716-ஆல் பெருக்கினால் 0.55523.

முதலில் வந்ததையும் இதையும் கூட்டுங்கள்: −0.11106 + 0.55523 = 0.44417.

இப்போது தலைகீழ் காஸ் (cos⁻¹) பொத்தானை அழுத்துங்கள். 63.63 டிகிரி வரும். பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் டர்பனுக்கும் சென்னைக்கும் இடையில் தெரியும் கோணம் இது.

ஒரு டிகிரி என்பது பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 111.2 கி.மீ. 63.63 × 111.2 = 7,076 கி.மீ. விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமானால் 60-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 3,818.

பூமி முழு உருண்டை அல்ல; துருவங்களில் சற்று அமுங்கியது. ஆகவே இந்தக் கணக்கு அரை சதவீதம் வரை விலகலாம். 7,076-இல் அரை சதவீதம் 35 கி.மீ. விமானத்துக்கு அது இரண்டரை நிமிடம். பயணத் திட்டத்துக்கு இதற்குமேல் துல்லியம் தேவையில்லை.

படி 3: எங்கே தப்பு வரும்

கழித்தல் குறியை விடுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. −29.61 என்பதற்குப் பதிலாக 29.61 என்று போட்டால் கடைசி விடை 5,362 கி.மீ. என்று வரும். பார்ப்பதற்கு நம்பும்படியான எண்தான், அதுதான் ஆபத்து. உண்மையில் நீங்கள் டர்பனைத் தூக்கி எகிப்தில் வைத்துவிட்டீர்கள். வடக்கு 29.61, கிழக்கு 31.12 என்பது கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள இடம். டர்பனும் கெய்ரோவும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் ஒன்று தெற்கிலும் ஒன்று வடக்கிலுமாக நிற்கின்றன.

இரண்டாவது தப்பு, டிகிரி-நிமிடத்தைப் புள்ளி எண்ணாக எழுதுவது. அச்சிட்ட அட்லஸில் டர்பன் விமான நிலையம் 29 டிகிரி 36 நிமிடம் என்று இருந்தால் அதை 29.36 என்று எழுதக் கூடாது. 36 நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 0.6. ஆகவே 29.6. தவறாக எழுதினால் ஊர் ஏறத்தாழ 27 கி.மீ. வடக்கே நகர்ந்துவிடும். நீண்ட பயணத்தில் இது தெரியாது. டர்பன்–ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போன்ற குறுகிய கணக்கில் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது. தட்டையான வரைபடத்தில் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் பெரிதாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டர் டர்பன் பக்கம் ஒரு தூரம், நிலநடுக்கோட்டுப் பக்கம் வேறு தூரம். அளவுகோலை மூட்டை கட்டிவிடுங்கள்.

அந்த நேர்கோடு எதன் மேல் போகிறது

இது கணக்குக்குத் தேவையில்லாத விஷயம்தான். ஆனாலும் ஒருமுறை உருண்டையில் நூல் பிடித்துப் பார்க்க வேண்டியது. டர்பனிலிருந்து வடகிழக்கே கிளம்பும் கோடு மொசாம்பிக் கால்வாயைத் தாண்டி, மடகாஸ்கரின் மேற்குக் கரையில் ஏறி, தீவின் குறுக்கே போய் வடகிழக்கில் இறங்குகிறது. சரிபாதித் தூரத்தில், அதாவது டர்பனிலிருந்து 3,538 கி.மீ.-இல், தெற்கு 9.1, கிழக்கு 57.1 என்ற இடத்தில் நடுக்கடல். மொரீசியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவுகள் அங்கிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தெற்கே. பிறகு நிலநடுக்கோட்டைத் தாண்டி, மாலத்தீவின் வடமுனையை ஒட்டி, கேரளக் கரை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது.

இன்றைய அகல உடல் (இரண்டு நடைபாதை கொண்ட பெரிய) விமானங்கள் பல 13,000 கி.மீ.-க்கு மேலும் நிற்காமல் பறக்கும். டர்பன் ஓடுபாதை 3,700 மீட்டர் நீளம், கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பது. ஆகவே இந்த 7,076 கி.மீ.-ஐ ஒரே மூச்சில் பறக்க எந்திரத்தாலும் தடையில்லை, நிலையத்தாலும் தடையில்லை. நாள்தோறும் 250 பேர் ஏறுவார்களா என்பதில்தான் விஷயம் நிற்கிறது. துபாய் போன்ற மையங்கள் பல ஊர்ப் பயணிகளை ஒரே விமானத்தில் சேர்த்து நிரப்புகின்றன; டர்பன்–சென்னை இணைக்கு அந்த வசதி இல்லை.

படி 4: கிலோமீட்டரை மணி நேரமாக மாற்றுவது

பெரிய விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் போகும். ஆனால் 900-ஆல் வகுத்தால் விடை எப்போதும் குறைவாகவே வரும். காரணங்கள் மூன்று: ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்கு உருண்டு போக, வரிசையில் நிற்க, வந்து நிறுத்த நேரம் வேண்டும், வான்வழிப் பாதை நேர்கோடாக இல்லாமல் அங்கங்கே வளைகிறது. டிக்கெட்டில் அச்சாகும் நேரம், விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் வாசலில் நிற்பது வரை.

இந்த வழிகளுக்குச் சரியாகப் பொருந்தும் எளிய விதி இது: தொலைவை 850-ஆல் வகுத்து, 30 நிமிடம் கூட்டுங்கள்.

சோதித்துப் பார்ப்போம். டர்பன்–துபாய் 6,630 கி.மீ.; 850-ஆல் வகுத்தால் 7.8, அதாவது 7 மணி 48 நிமிடம். 30 கூட்டினால் 8 மணி 18 நிமிடம். கால அட்டவணையிலும் ஏறத்தாழ இதுதான். துபாய்–சென்னை 2,930 கி.மீ.; விதிப்படி 3 மணி 57 நிமிடம்; அட்டவணையில் ஏறத்தாழ 4 மணி. டர்பன்–ஜோபர்க் 479 கி.மீ.; விதிப்படி 1 மணி 4 நிமிடம்; அட்டவணையில் சில நிமிடங்கள் கூடுதலாக இருக்கும். 2,000 கி.மீ.-க்குக் கீழே விதி கொஞ்சம் குறைத்துச் சொல்லும். 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதே விதிப்படி டர்பன்–சென்னை நேரடி விமானம் இருந்தால் 8 மணி 50 நிமிடம் ஆகியிருக்கும். தேடும்போது வரும் 'எட்டு மணி நேரம்' என்ற எண், இல்லாத ஒரு விமானத்தின் நேரம். அதுவும் 900-ஆல் வகுத்துக் குறைத்துச் சொன்னது.

படி 5: வழியைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறைய யோசிக்க வேண்டும். தூரம் குறைவான வழி நேரமும் குறைவாக எடுக்கும் என்று நினைப்பது இயல்பு. இந்தப் பயணத்தில் அது பலிக்காது.

டர்பன்–துபாய்–சென்னை: 6,630 + 2,930 = 9,560 கி.மீ. நேர்தொலைவை விட ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம். பறக்கும் நேரம் 12 மணி 15 நிமிடத்தை ஒட்டி. மாற்றம் ஒன்றே ஒன்று.

டர்பன்–ஜோபர்க்–மொரீசியஸ்–சென்னை: 479 + 3,066 + 4,457 = 8,002 கி.மீ. நேர்தொலைவை விட 13 சதவீதம் மட்டுமே அதிகம். விதிப்படி பறக்கும் நேரம் 10 மணி 55 நிமிடம். தாளில் பார்த்தால் துபாயை விட 1,550 கி.மீ. குறைவு, 1 மணி 20 நிமிடம் மிச்சம். ஆனால் மாற்றம் இரண்டு. மொரீசியஸிலிருந்து சென்னைக்கு விமானம் எல்லா நாளும் கிடையாது. அந்த நாள் பொருந்தாவிட்டால் மொரீசியஸ் விமான நிலையம் உள்ள பிளெசான்ஸில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். மிச்சம் பிடித்த 80 நிமிடம் எங்கே போனது என்றே தெரியாது. மொரீசியஸில் சொந்தக்காரர் இருந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வழி அருமை.

டர்பன்–ஜோபர்க்–தோஹா–சென்னை: 479 + 6,243 + 3,286 = 10,008 கி.மீ. தூரமும் அதிகம், மாற்றமும் அதிகம். விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் பார்க்கலாம்.

ஒரு மாற்றத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை சராசரியாக இரண்டரை முதல் நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் விமானம் 2,000 கி.மீ.-க்கு மேல் பறந்துவிடும். ஆகவே ஒரு மாற்றத்தைத் தவிர்க்க 1,500 கி.மீ. சுற்றினாலும் லாபம்தான். டர்பனிலிருந்து போகிறவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகிறவர்களுக்கு, நேராக வளைகுடாவுக்குப் பறந்து அங்கே ஒருமுறை மாறுவதே எங்கள் பரிந்துரை. ஜோபர்க் வழியை இரண்டாவதாக வையுங்கள்.

காற்று எவ்வளவு மாற்றும்

டர்பன்–துபாய் வழி கிட்டத்தட்ட தெற்கு வடக்காகப் போகிறது. உயரத்தில் வீசும் பெருங்காற்றுகள் மேற்கு கிழக்காக ஓடுபவை. குறுக்கே வெட்டிப் போகும்போது போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது.

துபாய்–சென்னை வழி அப்படி அல்ல. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேலைத் தாரைக்காற்று (உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக ஓடும் காற்று) வளைகுடாவின் மேல் பலமாக இருக்கும். சென்னைக்குப் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். போகும்போது 4 மணி நேரத்துக்குள் முடிவது வரும்போது நாலே கால் மணி நேரத்தைத் தாண்டுவது இதனால்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் எதிர்த்திசையில் ஒரு காற்று ஓடும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து விளக்கிய கிழக்குத் தாரைக்காற்று அது. அந்த மாதங்களில் போக வர வித்தியாசம் குறையும்.

தென்னாப்பிரிக்கக் குளிர்காலத்தில் ஜோபர்க்–மொரீசியஸ் போகிறவர்களுக்கும் இதே கதைதான்: கிழக்கே போகும்போது சீக்கிரம், மேற்கே திரும்பும்போது தாமதம். இணைப்பு நேரம் குறுகலாக இருந்தால் மேற்கே திரும்பும் பயணத்துக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கடிகாரம்

தென்னாப்பிரிக்க நேரம் கிழக்கு 30 டிகிரி தீர்க்கரேகையை வைத்து. இந்திய நேரம் 82.5 டிகிரியை வைத்து. வித்தியாசம் 52.5. பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. 52.5-ஐ 15-ஆல் வகுத்தால் 3.5. ஆகவே சென்னை எப்போதும் டர்பனை விட மூன்றரை மணி முன்னால். இரண்டு நாட்டிலும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. ஆண்டு முழுக்க இதே மூன்றரை. துபாயும் மொரீசியஸும் டர்பனை விட 2 மணி முன்னால்; அங்கிருந்து சென்னை இன்னும் ஒன்றரை மணி.

டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்க்கும்போது இதை மறப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை.

மாலை 6.30-க்கு டர்பனில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். 8 மணி 20 நிமிடம் கழித்து டர்பன் நேரம் விடியற்காலை 2.50, துபாயில் அப்போது 4.50. அங்கே 3 மணி 10 நிமிடம் காத்திருந்து, காலை 8.00-க்கு ஏறினால், 4 மணி கழித்து துபாய் நேரம் நண்பகல் 12.00, சென்னையில் பிற்பகல் 1.30. டிக்கெட்டைப் பார்த்தால் மாலை 6.30-இலிருந்து மறுநாள் 1.30 வரை 19 மணி போலத் தெரியும். மூன்றரையைக் கழித்தால் உண்மை: 15 மணி 30 நிமிடம்.

திரும்பும்போது கூட்ட வேண்டும். சென்னையில் இரவு 9.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 10.20-க்கு டர்பனில் இறங்கினால் 12 மணி 50 நிமிடம் என்று தோன்றும். மூன்றரையைக் கூட்டினால் 16 மணி 20 நிமிடம். 'திரும்பி வரும் விமானம் வேகமானது' என்று சிலர் சொல்வது இந்த மயக்கத்தால்தான்.

1860 அக்டோபர் 12 அன்று மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக் கிளம்பிய ட்ரூரோ கப்பல், 342 பேரோடு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 35 நாள். நம் முன்னோர் வந்த அந்த வழியை இன்று 16 மணி நேரத்தில் திரும்பிக் கடக்கிறோம். ஆனால் அந்த 16 மணி வாசலிலிருந்து வாசல் வரை உள்ள நேரம் அல்ல. அதற்குத்தான் அடுத்த இரண்டு படிகள்.

படி 7: மாறும் இடத்தில் நேரம் தொலைவது

ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். டர்பனில் போட்ட பெட்டி சென்னையில்தான் உங்கள் கைக்கு வர வேண்டும். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊராகச் சென்னையின் குறியீடான எம்ஏஏ இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். துபாயின் டிஎக்ஸ்பி இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைய விசா கேட்கலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. துபாயிலிருந்தோ சார்ஜாவிலிருந்தோ திருச்சிக்கும் கோவைக்கும் மலிவாக டிக்கெட் கிடைக்கிறது என்று தனியாக வாங்குவோர் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் இடையில் குறைந்தது 6 மணி விடுங்கள்.

ஒரே டிக்கெட்டில் துபாயில் 2 மணிக்குக் குறைவான இணைப்பை எடுக்காதீர்கள். விற்பார்கள், ஓடினால் பிடிக்கவும் முடியும். ஆனால் முழங்கால் வலியோடு பாட்டி கூட வந்தால் முடியாது. சக்கர நாற்காலி வேண்டுமானால் பயணத்துக்கு 48 மணி முன்பே சொல்லிவைத்து, 3 மணி இணைப்பு எடுங்கள்.

நாட்டுக்குள் முதலில் இறங்கும் நிலையத்தில்தான் குடிநுழைவும் சுங்கமும். மும்பையில் இறங்கிச் சென்னைக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர் மும்பையிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட வேண்டும். திரும்பும்போது ஜோபர்க்கில் இறங்கி டர்பன் விமானம் பிடிப்பவருக்கும் அதேதான். இரண்டு இடத்திலும் 3 மணி வையுங்கள்.

ஜோபர்க்கில் இரண்டு விமான நிலையங்கள். டர்பனிலிருந்து மலிவாகக் கிடைக்கும் சில விமானங்கள் நகரின் வடமேற்கில் உள்ள லான்சேரியாவில் இறங்கும். பன்னாட்டு விமானங்கள் கிளம்புவது கிழக்கே உள்ள ஓ.ஆர். தாம்போவில். இரண்டுக்கும் நடுவில் முழு நகரமும் அதன் நெரிசலும். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் படியுங்கள். 'ஜோஹன்னஸ்பர்க்' என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. அந்த நிலையங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பினால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். நிலையத்தை விட்டு வெளியே போய்வந்தால் இந்தியாவிலும் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை.

படி 8: நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

எப்போது கிளம்பலாம் என்று கேட்காமல், எப்போது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டு அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

வேலூரில் ஞாயிறு காலை 6 மணிக்கு முகூர்த்தம். அப்படியானால் சனிக்கிழமை இரவுக்குள் வேலூரில் இருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் ஏறத்தாழ 130 கி.மீ.; சனிக்கிழமை மாலை நெரிசலில் 4 மணி வையுங்கள். விமானம் 1.30-க்கு இறங்கினால் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வர 3.00. வேலூரில் 7.00.

அதற்கு டர்பனில் வெள்ளி மாலை 6.30 விமானம். 3 மணி முன்னதாக, 3.30-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். கிங் ஷாகா நகர மையத்திலிருந்து 35 கி.மீ. வடக்கே. வெருலமிலும் டோங்காட்டிலும் இருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரம். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்-2 சாலையை நம்பாமல் 2.00 மணிக்கே வண்டி எடுங்கள்.

வெள்ளி 2.00-இலிருந்து சனி 7.00 வரை கடிகாரப்படி 29 மணி. மூன்றரையைக் கழித்தால் 25 மணி 30 நிமிடம். அதில் பறந்தது 12 மணி 20 நிமிடம் மட்டுமே.

ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு விமானம் தவறினால் முகூர்த்தம் போச்சு. அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். தாலி எடுத்துக் கொடுக்க வேண்டியவரும் பெண்ணின் தாய்மாமனும் வியாழக்கிழமையே கிளம்பட்டும். மற்றவர்கள் வெள்ளி விமானத்தில் போகலாம்.

துக்கச் செய்தி வந்தால் கணக்கு வேறு. சென்னையில் விடியற்காலை 5 மணிக்கு ஒருவர் காலமானால் டர்பனில் அப்போது நள்ளிரவு 1.30. அன்று மாலை விமானத்தில் இடம் கிடைத்தாலும் மறுநாள் பிற்பகல்தான் இறங்க முடியும். ஊரில் 36 மணி வரை உடலை வைத்திருக்க முடியுமா என்று முதல் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் அவசர விலைக்கு டிக்கெட் வாங்காமல் கருமாதிக்குப் போய்ச் சேரும்படி நாள் பாருங்கள். இந்தியாவின் மின்விசாவுக்குப் பயண நாளுக்குக் குறைந்தது 4 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) செல்லுபடியாகும் விசாவோ ஏற்கெனவே கையில் உள்ளவர்தான் அன்று மாலையே ஏற முடியும். ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தாரோ இருந்தால், வீட்டில் ஒருவர் பெயரிலாவது விசாவை எப்போதும் உயிரோடு வைத்திருங்கள். கடவுச்சீட்டிலும் ஆறு மாதக் காலமும் இரண்டு வெற்றுப் பக்கமும் மிச்சம் இருக்கட்டும்.